படுகளத்து ராஜா நடித்தாரா, இல்லையா

திருவண்ணாமலையில் கலைச் செய்திக்கென்று தனியாக ஒரு நிருபர் இருந்தார் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தேன். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகள் முடிகிற வரை இருந்தேன். வேலூரில் அச்சாகிற ஒரு நாளிதழுக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு நிருபர் உண்டு. திருட்டு, விபத்து, மந்திரி வருகை எல்லாம் அவர் பங்கு. கச்சேரி, நாடகம், பட்டிமன்றம், கவியரங்கம், பள்ளிக்கூடத்து ஓவியக் கண்காட்சி என்று அவருக்குப் போக அலுப்பாக இருந்ததெல்லாம் என் பங்கு. வயிற்றுப்பாட்டுக்குத் தேரடித் தெருப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தேன். மாணவர்கள் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து செய்தியைக் கையால் எழுதி, கவரில் போட்டு, மத்தியான வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் சாயங்காலம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்குக் கலை தெரியுமா என்று கேட்காதீர்கள். என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கச்சேரியில் இது என்ன ராகம் என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பேன். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். நானும் எழுதிவிடுவேன். இரண்டு நாள் கழித்துப் பாடகர் இன்ஸ்டிடியூட் வாசலில் வந்து நின்று கும்பிடுவார். சரியாக எழுதினேன் என்று கும்பிடுகிறாரா, பெயர் வந்தது என்று கும்பிடுகிறாரா என்று எனக்குப் புரியாது. இந்தப் புரியாமை என் தொழில் முழுக்கக் கூடவே வந்தது. எனக்கு முன்கோபம் வேறு. புரியாத இடத்திலெல்லாம் எரிச்சல்தான் முதலில் வரும்.

நாடகம்தான் பெரிய வம்பு. அந்தக் காலத்தில் ஊரில் ஆபீசுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. ஒருமுறை கூட்டுறவு சங்கத்துக் கணக்கர் ஒருவர் கண்ணில்லாத தகப்பனாக வந்தார். அவரைப் பற்றி ‘தத்ரூபமாக நடித்தார்’ என்று எழுதினேன். வேறு வார்த்தை கிடைக்காமல் எழுதியதுதான். அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பா முறுக்கு வந்தது. அடுத்த மாதம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஜமீன்தாராக வந்தார். ‘சிறப்பாக நடித்தார்’ என்று எழுதினேன். அன்று முதல் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் வார்த்தைகளுக்கு ஊரார் தாங்களாகவே மார்க் போட்டுவைத்திருந்தார்கள். தத்ரூபம் என்றால் முதல் வகுப்பு. சிறப்பாக என்றால் தேறிவிட்டார். வெறுமனே நடித்தார் என்றால் ஃபெயில். எனக்கே தெரியாமல் நான் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வம்பு வேண்டாம் என்று எல்லோருக்கும் தத்ரூபம் போட ஆரம்பித்தேன். ஊரில் சமாதானம் நிலவியது.

வீட்டில் அப்படி இல்லை. எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ‘நூறு வயசு’ என்று சொல்லலாம். என் மனைவி அந்த வீட்டில் வாய்விட்டு அழவில்லை. அழாததோடு பேசுவதையும் கம்மி பண்ணிவிட்டாள். சாப்பாடு போடுவாள், துணி மடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். குழந்தையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மேடையில் கண்ணீர் விட்ட குமாஸ்தாக்களைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினவனுக்கு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அந்தச் சித்திரையில் தன் ஊர்த் தீமிதிக்குப் போக வேண்டும் என்றாள். வேங்கிக்காலைத் தாண்டிப் போளூர் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் அவள் ஊர். அம்மன் கோயிலில் பல நாள் பாரதக் கூத்து நடந்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. வேலூரில் இருந்த உதவி ஆசிரியர், ‘இப்ப கிராமத்துக் கலைக்குத்தான் சார் மவுசு’ என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். பேனாவைச் செருகிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

படுகளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் முன்னால் திடலில் ராஜாவை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். ஒரு வீட்டளவு நீளம் இருக்கும். தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்திருப்பார்கள். பதினெட்டாம் நாள் சண்டையில் சாகிற அந்த ராஜா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவரும் அவரை அடிக்கிறவரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் மண் தொடையில் கதாயுதம் இறங்கும். பானை உடைந்து சிவப்பு பீறிடும். வேஷக்காரர் அப்படியே மண் மார்பின் மேல் விழுந்துவிடுவார். ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைக்க வேண்டும். ஒப்பாரி முடிந்த பிறகுதான் தண்ணீர் தெளித்து அவரை எழுப்புவார்கள். அதன் பிறகுதான் தீக்குழிக்கு நெருப்பு வைப்பார்கள். இதில் ஒன்று நடக்காவிட்டாலும் அடுத்தது கிடையாது.

ராஜா வேஷக்காரரை முதல் நாளே டீக்கடையில் பார்த்திருந்தேன். பக்கத்து ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. சுற்று வட்டாரத்தில் பல ஊர்ப் படுகளங்களில் அவர்தான் படுப்பார். டவுனில் மழை உண்டா என்று கேட்டார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். இவரா ராஜா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் விழுந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் விழுகிற மாதிரி இல்லை. கண் பாதி திறந்திருந்தது. வாயில் ஈ உட்கார்ந்தது. வயிறு ஏறி இறங்குகிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு மார்பில் அடித்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் நடுவில் என் மனைவி. ஒரு வருஷமாகக் குரல் உயர்த்தாதவள் ஊர் கேட்கக் கதறினாள். எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பிடிப்பதா, விடுவதா, யாரையாவது கேட்பதா ஒன்றும் புரியவில்லை. அதனால் பேனாவை எடுத்துச் செய்தி எழுத ஆரம்பித்தேன்.

சாயங்காலம் தீமிதியில் என் மச்சானுக்குக் கால் வெந்துவிட்டது. என் மனைவியின் அண்ணன். கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர். காப்புக் கட்டி விரதம் இருந்து நெருப்பில் இறங்கியவர்களில் அவருக்கு மட்டும் பாதம் கொப்பளித்தது. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

அந்தப் பேச்சு எதுவும் அறியாத நான் டவுனுக்குத் திரும்பி, கவரைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். படம் இல்லாமலே நாலாம் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்கள். ராஜா வேடமிட்டவர் இறந்து கிடப்பதுபோல் தத்ரூபமாக நடித்தார் என்றும், பெண்கள் அதை உண்மை என்றே நம்பிக் கதறி அழுதனர் என்றும் எழுதியிருந்தேன். முதல் வகுப்பு. ஒரு பிரதியை அந்த வேஷக்காரருக்கே அனுப்பிவைத்தேன். முறுக்கு வரும் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தது மச்சான். காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு மூட்டை மல்லாட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மாப்ள, நீங்க எழுதனதுதான் எழுத்து. காப்பு கட்டிக்கினு எங்க போனான், இன்னா தின்னான்னு ஊரே என்னைக் கேட்டுச்சு. இப்பதான தெரியுது, ராஜா சாவவே இல்ல. நடிச்சிருக்கான். களம் சரியில்லன்னா நெருப்பு எப்படிக் குளிரும்?”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படி அர்த்தமில்லை, அது பாராட்டு, தத்ரூபம் என்றால் ரொம்ப ஒசத்தி என்று விளக்கினேன். ‘அதான் மாப்ள, ரொம்ப நல்லா ஏமாத்திட்டான்’ என்றார். பேப்பரில் வந்தாயிற்று, இதற்கு மேல் சாட்சி எதற்கு என்று கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த வருஷத்துக்கு அந்த ஆளுக்குத் தாம்பூலம் கிடையாது. தாம்பூலம் என்றால் கூத்துக்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. அது போனால் அந்த ஊர் போயிற்று. ஓர் ஊர் போனால் மற்ற ஊர்களும் ஏன் என்று கேட்கும்.

அடுத்த வாரம் வேஷக்காரரே வந்தார். இன்ஸ்டிடியூட்டில் மாணவர்கள் தட்டி முடிக்கிற வரை வெளியே நின்றார். என் மேல் கோபம் இருக்கும் என்று நானும் பதிலுக்குக் கோபத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவருக்குக் கோபமே இல்லை. வேறு இரண்டு ஊர்க்காரர்களும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

“நீங்க நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க சார். ஆனா நான் நடிக்கலைனு ஒரு வரி போட்டுடுங்க.”

நடிக்கவில்லை என்றால் பின்னே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் கேட்டேன். 

“அது தெரியல சார். தொடையில அடி விழுற வரைக்கும் ஞாபகம் இருக்குது. அப்புறம் தண்ணி தெளிச்சாங்க. நடுவுல இருந்தத நீங்கதான பாத்தீங்க. நீங்கதான் சொல்லணும்.”

சோற்றுக்குக் குறைவில்லை, நிலம் இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் படுகளத்தில் படுக்காவிட்டால் அந்த வருஷம் முடிந்த மாதிரியே இருக்காதாம். அவருடைய அந்த நிதானம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

வேலூருக்கு டிரங்க் கால் போட்டேன். உதவி ஆசிரியர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். நன்றாக நடித்தார் என்று போட்டதற்கு நடிக்கவில்லை என்று மறுப்பா, அதைப் போட்டால் நடிக்கத் தெரியாதவர் என்றல்லவா ஆகிவிடும், மான நஷ்ட வழக்குக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மச்சான் சொன்னதும் அவர் காலுக்கு நியாயம். அந்த மனிதர் நடிக்கவில்லை என்று எழுதினால் மச்சான் விரதம் கெட்டவர் ஆகிறார். நடித்தார் என்று விட்டால் இவர் படுகளம் இழக்கிறார். எது உண்மை என்று கேட்டால், கண்ணெதிரே பார்த்த எனக்கே தெரியாது. ஒரு மனிதன் நடிக்கிறானா இல்லையா என்பதைக்கூடச் சொல்லத் தெரியாதவனுக்குக் கலை நிருபர் என்று ஒரு பட்டம்.

வேறு வழியில்லாமல் மனைவியைக் கேட்டேன். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாங்க நம்பி அழுதோம்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்றாள்.

நம்பவில்லை என்றால் எதற்கு அப்படி அழ வேண்டும் என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கலை நிருபருக்கு அதுவும் விளங்கவில்லை.

மறு வருஷம் செய்யாறு பக்கத்திலிருந்து வேறு ஓர் ஆளை அழைத்து வந்தார்கள். மனைவி போனாள், நானும் போனேன். பேனா எடுத்துப் போகவில்லை. புது ராஜா ஆள் நல்ல உயரம், குரல் கணீரென்று இருந்தது. ஓட்டமும் ஆட்டமும் பிரமாதம். மண் தொடையில் கதை இறங்கியது, சிவப்பு பீறிட்டது, அவரும் பதவிசாக விழுந்தார். டவுன் நாடகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தத்ரூபம் போட்டிருப்பேன்.

பெண்கள் அழவில்லை.

முடியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வயதான அம்மாள் ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு குரல் சேர்ந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்த்தார்கள். பூசாரி, ‘அழுங்கம்மா, நேரமாவுது’ என்றார். சொல்லி அழவைக்க முடியுமா? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண் மார்பின் மேல் படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஒப்பாரி இல்லாமல் அவரை எழுப்ப முடியாது. எழுப்பாமல் நெருப்பு வைக்க முடியாது. காப்புக் கட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு யாருக்கு அழுகை வரும்?

பழைய வேஷக்காரர் புளிய மரத்தடியில் கூட்டத்தோடு கூட்டமாக, தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என் மனைவி எழுந்தாள். அவிழ்த்த முடியோடு திடலின் குறுக்கே நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். மேளம் நின்றுவிட்டிருந்ததால் அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணா, வந்து படுங்க.”

தனக்கு இன்றைக்கு வேஷம் இல்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

“வேஷத்த யாரு கேட்டா? நீங்க படுத்தாத்தான் எங்களுக்கு அழுகை வருது. வருஷத்துல ஒரு நாள்தான் இருக்குது எங்களுக்கு.”

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் காலைப் பார்த்தார். புது ராஜா நல்ல மனிதர். தானே எழுந்து, கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு, ‘வாங்க, எனக்கும் முதுகு சுடுது’ என்று இடம் விட்டார். இவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. முகத்தில் அரிதாரம் இல்லை, கையில் கதை இல்லை. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நாம் மத்தியானத்தில் படுப்பதுபோல் சாதாரணமாகப் படுத்தார்.

முதல் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் திடல் முழுக்க அழுகை. ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டாள், ஒருத்தி தாயைக் கூப்பிட்டாள், கிணற்றில் விழுந்த தம்பியைக் கூப்பிட்டாள் ஒருத்தி. ராஜாவை ஒருத்தியும் கூப்பிடவில்லை. போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது நான் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் குரலைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“பேரு வெக்கறதுக்குள்ள போயிட்டியே, என்னன்னு சொல்லி உன்னக் கூப்புடுவேன்?”

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். ஆண்கள் அங்கே உட்காரும் வழக்கம் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மண் மேல் படுத்திருந்த மனிதர் செத்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. அழுதேன்.

தண்ணீர் தெளித்து அவரை எழுப்பினார்கள். எழுந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மச்சான் கோயிலுக்குள் போய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து அங்கேயே அவரிடம் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை.

“நடிக்கணுமா, நடிக்கக் கூடாதா, அத இப்பவே சொல்லிடுங்க” என்றார்.

“எனக்கு இன்னா தெரியும்? வந்து படு, போதும்” என்றார் மச்சான். அந்த வருஷம் அவர் தீ மிதிக்கவில்லை. கால் இன்னும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்.

அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை. உதவி ஆசிரியர் கேட்டபோது அந்த வருஷம் விசேஷமாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நடித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் குமாஸ்தாக்களுக்குத் தத்ரூபம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இது என்னவென்று நமக்குத் தெரியுமா என்று ஒரு சந்தேகம் வரும். கோபம் மட்டும் கொஞ்சம் கம்மியாயிற்று.

அன்று சாயங்காலம் தீக்குழியில் கட்டை எரிந்து தணலாகிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். நானாக ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. என்ன பேர் வைக்க நினைத்திருந்தாய் என்று கேட்டேன். கேட்க இரண்டு வருஷம் ஆகியிருந்தது எனக்கு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்படி இல்லை, கொஞ்சம் இழுத்துச் சொல்லணும் என்றாள். இழுத்துச் சொன்னேன்.